கழுவாத குடைமிளகாய்

பிப்ரவரி 11

கடுகுக்கு அண்ணி எழுதுவது.

போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. கடிதத்தை எடுக்க வேண்டியதில்லை, கதவிடுக்கில் தானாக வந்து விழும். அதனால் எழுதுகிறேன். என் கையெழுத்து கோழி கிளறினது போல இருக்கும். நாலாம் வகுப்போடு நின்றவளிடம் வேறு என்ன எதிர்பார்ப்பாய். பொறுத்துப் படி.

நான் நன்றாக இருக்கிறேன். ஆஸ்பத்திரியில் அதே சலவை வேலைதான். காலையில் போனால் வார்டுகளிலிருந்து இறங்கின போர்வையும் தலையணை உறையும் மலையாகக் கிடக்கும். பிரித்து, மெஷினில் போட்டு, காயவைத்து, மடித்து மேலே ஏற்றுவேன். மறுநாள் அதே மலை கீழே வந்து நிற்கும். அந்த மெஷின் சத்தத்தில் எதையும் யோசிக்க முடியாது. அது எனக்குப் பிடித்திருக்கிறது.

வீட்டுக்கு வந்தால் சாப்பாடுதான் இறங்கவில்லை. உன் அண்ணன் சமையல் வேலை பார்த்த ஹோட்டலிலிருந்து வாராவாரம் ஒரு சிவப்புச் சாஸ் கொண்டு வருவாரே, சாலட் மேல் ஊற்றுவது, நினைவிருக்கிறதா. இருமல் மருந்து பாட்டிலில் ஊற்றிச் சட்டைப்பையில் வைத்து வருவார். டிரெஸ்ஸிங் என்று சொல்ல வேண்டும் என்பார். எங்கள் ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸிங் என்றால் புண்ணுக்குக் கட்டுவது, அதனால் நான் சாஸ் என்றே சொல்வேன். வெள்ளரிக்காய், அவித்த உருளைக்கிழங்கு, காய்ந்த ரொட்டி, எது கிடைத்தாலும் அதில் தோய்த்துத் தின்பேன். "செருப்பை நறுக்கித் தந்தாலும் இதோட சாப்பிட்டுருவே" என்று கிண்டல் பண்ணுவார். தித்திப்பாக இருக்கும், விழுங்கின பிறகு தொண்டையில் புகை நிற்கும்.

அவர் போன பிறகு அந்த ஹோட்டலுக்கே போய் வாங்கிச் சாப்பிட்டுப் பார்த்தேன். தித்திப்பு இருக்கிறது, புகை இல்லை. கல்லாவில் இருந்தவரைக் கேட்டேன். இப்போதெல்லாம் டின்னில் வருகிறது அம்மா என்றார். வீட்டில் நானே மிளகாய்த்தூள், சர்க்கரை, வினிகர் எல்லாம் கலந்து பார்த்தேன். அந்தப் பாட்டிலுக்குப் பொருத்தமாக இருமல் மருந்தேதான் வந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் நீ அவர் பக்கத்திலேயே அந்தச் சாலட் கவுண்டரில் வேலைக்கு நின்றவள். உனக்குத் தெரியும். எழுதிப் போடு. கோபம் இருந்தால் கோபத்தோடே எழுது, சாஸில் அது கலக்காது.

எனக்குப் பிள்ளை இல்லை. உனக்குத் தாய் தகப்பன் இல்லை. அவரைத் தெரிந்தவர்கள் என்று நாம் ரெண்டு பேர்தான் மிச்சம். அந்த ரெண்டு பேரும் பேசாமல் இருந்தால் எப்படி?

அண்ணி


பிப்ரவரி 20

அண்ணிக்கு,

சிவப்புக் குடைமிளகாய் மூணு. பச்சை வேண்டாம், கசக்கும். காம்போட அடுப்பு நெருப்புலயே வைங்க. இடுக்கியால திருப்பித் திருப்பி நாலா பக்கமும் கரியாகணும். புள்ளி புள்ளியா கருத்தாப் போதாது, முழுக்கக் கருப்பாகணும். சுட்டதும் பாத்திரத்துல போட்டு மூடி வைங்க, வேர்க்கட்டும். ஆறினதும் தோலை உரிங்க, விதையை எடுங்க. பூண்டு நாலு பல்லு, தோலோட சுட்டு உரிச்சது. தேன் ரெண்டு ஸ்பூன், கடுகு விழுது ஒண்ணு, வினிகர் ஒண்ணரை, உப்பு. எல்லாத்தையும் மிக்ஸியில அடிச்சு, மிக்ஸி ஓட ஓட அரை டம்ளர் எண்ணெயைச் சொட்டுச் சொட்டா விடணும். மொத்தமா கொட்டினா பிரிஞ்சு போயிடும்.

அவ்வளவுதான். கேட்டதுக்காக எழுதுறேன். என் கோபம் அப்படியேதான் இருக்கு.

கடுகு


பிப்ரவரி 27

கடுகுக்கு,

உன் கடிதம் வந்தது. கோபத்தோடு எழுதினாலும் உப்பு எவ்வளவு என்பதைத் தவிர எல்லாம் எழுதியிருக்கிறாய். சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை செய்தேன். குடைமிளகாய் நெருப்பில் வெடிக்கும் என்று நீ எழுதவில்லை. பட்டென்று ஒரு சத்தம். நான் இடுக்கியைப் போட்டுவிட்டுக் கூடத்துக்கு வந்துவிட்டேன். எதிர் வீட்டு டெய்லரம்மா கதவைத் தட்டி, என்ன தீப்பிடித்ததா என்று கேட்டாள். இல்லை, சாலட் செய்கிறேன் என்றேன். சாலட்டுக்கு அடுப்பு எதற்கு என்று நின்று யோசித்துவிட்டுப் போனாள்.

நிறம் அப்படியே வந்தது. தித்திப்பும் வந்தது. மிக்ஸி மூடியைத் திறந்தபோது உன் அண்ணன் பாட்டிலைத் திறந்தது போலவே இருந்தது. நாக்கில் வைத்தேன். புகை இல்லை. டின்னில் வருகிறதைவிட நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். நல்ல குடும்பத்துப் பெண் மாதிரி சாதுவாக இருக்கிறது. அவர் செய்வது அப்படி இருக்காதே.

மறுபடி செய்தேன், அதே கதைதான். என்ன தப்பு என்று தெரியவில்லை. கேஸ் அடுப்பில் வராதா? அங்கே கரி அடுப்பு அல்லவா.

இன்னொன்று. அவர் கடைசியாகக் கொண்டு வந்த பாட்டில் இன்னும் பிரிட்ஜில் இருக்கிறது. அடியில் ஒரு ஸ்பூன் இருக்கும். அதை நாக்கில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாமா என்று நினைத்தேன். மனசு வரவில்லை.

அண்ணி


மார்ச் 6

அண்ணி,

அந்தப் பாட்டிலைத் தொடாதீங்க. அண்ணன் வேலையை விட்டே ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. அது இப்ப சாஸ் இல்ல, விஷம். உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா நீங்க மடிச்ச போர்வையிலேயே உங்களைப் படுக்க வைப்பாங்க. உங்களுக்குத் திருப்தியாத்தான் இருக்கும், நான்தான் அலையணும்.

கேஸ் அடுப்புல வராதுங்கிறது பொய். நான் இங்க வேலை செய்ற பள்ளிக்கூடச் சமையக்கட்டுல கேஸ்தான். டீச்சருங்களுக்காக ரெண்டு தடவை செஞ்சிருக்கேன். நல்லாவே வரும். ஹோட்டல்ல கரியில சுடும்போது மணம் தூக்கலா இருக்கும், உண்மைதான். ஆனா அண்ணனைப் புகைவண்டின்னு கூப்பிட்டாங்களே, அது கரி அடுப்பால இல்ல. மிளகாய் கருகுறவரைக்கும் நகராம மேலயே குனிஞ்சு நிப்பார், அதால. சட்டை, முடி, புருவம் எல்லாம் புகை. பஸ்ஸுல பக்கத்துல உக்காந்தவங்க எழுந்து போயிடுவாங்க. "பாத்தியா, நம்மளுக்கு எப்பவும் சீட்டு"ம்பார்.

சரி, கேக்குறதுக்குப் பதில் சொல்லுங்க. முழுக்கக் கருப்பாச்சா? மூடி வச்சீங்களா? தேன் நல்ல தேனா? தோலை உரிச்ச பிறகு என்ன செஞ்சீங்க? ஒண்ணு விடாம எழுதுங்க. கழுவுற மீனுல நழுவுற மீன் மாதிரி எழுதக் கூடாது.

கடுகு


மார்ச் 12

கடுகுக்கு,

முழுக்கக் கருப்பாச்சு. மூடி வைத்தேன். தேன் நல்ல தேன், எறும்பே சாட்சி.

தோலை உரித்தேன். கை, பலகை, மிளகாய் எல்லாம் கரித்தூள் ஒட்டிக்கொண்டு பார்க்கவே அசிங்கமாக இருந்தது. குழாயடியில் பிடித்து நன்றாக அலசினேன். பளபளவென்று வந்தது. பாத்திரத்தின் அடியில் பழுப்பாகக் கொஞ்சம் தண்ணீர் விட்டிருந்தது, அதையும் கொட்டிப் பாத்திரத்தைத் தேய்த்துவிட்டேன். பிறகு மிக்ஸியில் போட்டேன். இதில் என்ன இருக்கிறது எழுத. யாராக இருந்தாலும் கழுவத்தானே செய்வார்கள்.

அண்ணி


மார்ச் 17

அண்ணி,

கழுவினீங்க.

நான் சிரிக்கணுமா அழணுமா தெரியல. புகை முழுக்க அந்தக் கரித்தூள்லயும், நீங்க கொட்டின பழுப்புத் தண்ணியிலயும்தான் இருக்கு. அதைக் குழாயில விட்டுட்டு, புகையைக் காணோம் புகையைக் காணோம்னு எனக்குக் கடுதாசி எழுதுறீங்க.

உங்களால எதையும் கழுவாம இருக்கவே முடியாதா அண்ணி?

நான் அன்னிக்குக் கேட்டதும் இதுதான். இன்னிக்கும் அதையேதான் கேக்குறேன். அண்ணன் போயிட்டார்னு போன் வந்ததும் நான் அழுதுகிட்டே ஒண்ணே ஒண்ணு கேட்டேன். அவர் சட்டை ஒண்ணைத் துவைக்காம வைங்க, நான் வந்து எடுத்துக்குறேன்னு. சரின்னு சொன்னீங்க. பஸ் மாறி மாறி வந்து சேர்றேன், கொடி நிறைய சட்டை. ஒண்ணு விடாம துவைச்சு, பளிச்சுன்னு வெள்ளையா. எல்லாத்துலயும் சோப்பு மணம். மூக்கை வச்சுப் பாத்தேன், கடையில புதுசா வாங்கின துணி மாதிரி இருந்தது. எங்கண்ணன் அதுல ஒரு நூல்ல கூட இல்ல.

எங்கண்ணனைத் துவைச்சுப் பிழிஞ்சு போட்டுட்டீங்கன்னு எல்லாரும் இருக்கிற இடத்துல சொன்னேன். சொன்னது தப்புதான். ஆனா நீங்க ஒரு வார்த்தை பதில் சொல்லல. துணி மடிச்சுகிட்டே இருந்தீங்க. அதுதான் எனக்கு ஆறல. ஏன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சாப்பிடாம கிளம்பியிருக்க மாட்டேன்.

இப்ப சொல்லுங்க. ஏன் துவைச்சீங்க?

கடுகு


மார்ச் 24

கடுகுக்கு,

உன் கடிதத்தை வேலைக்கு எடுத்துப் போய் மதியம் படித்தேன். மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதால் யாருக்கும் கேட்காது.

கேட்டாய், சொல்கிறேன். எழுதத் தெரிந்த அளவுக்குச் சொல்கிறேன்.

நீ கேட்ட சட்டை இந்த வீட்டில் இல்லவே இல்லை. அவர் வேலைக்குப் போன நாளெல்லாம் இரவு வந்ததும் சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுப்பார், நான் அப்போதே அலசிப் போடுவேன். அது நீ பார்த்ததுதானே. புகைச் சட்டை ஒன்றுகூட மறுநாள் வரைக்கும் இருந்ததில்லை. படுக்கையில் விழுந்த பிறகு அவர் அடுப்புப் பக்கமே போகவில்லை.

அவர் போன அன்று துவைக்காமல் கிடந்தது அந்தக் கடைசி வாரத்துச் சட்டைகள். அதில் என்ன மணம் இருந்தது என்று உனக்கு எழுதவேண்டாம் என்றுதான் இருந்தேன். மருந்து. தைலம். வாந்தி எடுத்து நான் துடைத்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலின் மணம். எனக்கு அது தொழில். முப்பது வார்டு மணமும் மூக்குக்குப் பழக்கம், எது எந்த வார்டிலிருந்து வந்த போர்வை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். உனக்கு அது வேண்டாம். நீ அந்தச் சட்டையை மூக்கில் வைத்திருந்தால் இனிமேல் அண்ணன் என்றாலே உனக்கு அந்த மணம்தான் வரும். புகைவண்டி போய்விடும்.

உன்னிடம் போனில் சரி என்றேன். பிறகு போய்ச் சட்டையை எடுத்துப் பார்த்தேன். கொடுக்க மனசில்லை. துவைத்தேன். எனக்கு வேறு என்ன செய்யத் தெரியும். பேசத் தெரிந்தவர்கள் பேசுவார்கள், நான் துவைப்பேன்.

அன்றைக்கு ஏன் வாய் திறக்கவில்லை என்கிறாய். கூடம் நிறைய ஆட்கள். அவர் வாந்தி எடுத்ததை அவர்கள் முன்னால் சொல்லவா? சுத்தமாக இருக்க வேண்டும் என்று கடைசிவரை ஆசைப்பட்ட மனிதர்.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. சாப்பிடாமல் போனாயே என்ற வருத்தம்தான். உனக்கென்று தனியாக எடுத்து வைத்திருந்தேன்.

அண்ணி


ஏப்ரல் 9

அண்ணி,

உடனே எழுத முடியல. எழுதி எழுதிக் கிழிச்சேன்.

எனக்குச் சின்ன வயசுல அம்மை போட்டப்போ அந்தத் துணியெல்லாம் யாரு துவைச்சாங்கன்னு இப்பதான் யோசிக்கிறேன். அப்ப எனக்கு அது தெரியவே இல்ல. எனக்கு ஞாபகம் இருக்கிறது சுத்தமான பாவாடை மட்டும்தான்.

ஒண்ணு சொல்றேன், சிரிக்காதீங்க. ஹோட்டல்ல முதல் நாள் எனக்குக் கொடுத்த வேலையே குடைமிளகாய் உரிக்கிறதுதான். ஒரு கூடை உரிச்சேன். கரியா ஒட்டியிருந்தது. நான் என்ன செஞ்சிருப்பேன்? அத்தனையையும் குழாயடியில கொட்டி அலசி, வரிசையா அடுக்கி வச்சுட்டேன். பெரிய சமையல்காரர் வந்து பாத்துட்டுக் கரண்டியைத் தூக்கினார். அண்ணன் நடுவுல வந்து நின்னுகிட்டு, "திட்டாதீங்க. அவ எங்க வீட்டுக்காரி வளர்த்த புள்ள. கழுவாம எப்படி இருப்பா"ன்னார். அந்தப் பெரியவரே சிரிச்சுட்டார். அன்னிக்கு முழுக்க அண்ணன் என்னைப் பாக்கும்போதெல்லாம் சிரிச்சார். வீட்டுல உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு சத்தியம் வாங்கிகிட்டேன். அவர் சொல்லலைன்னு இப்ப தெரியுது.

போன கடுதாசியில உங்களை என்னமோ குத்தவாளி மாதிரி கேட்டேன். நானும் அதேதான் செஞ்சேன்.

இப்ப கேளுங்க. தோலை விரலாலேயே உரிங்க. கை பிசுபிசுன்னு இருக்கும், இருக்கட்டும். ஒரு காய்ஞ்ச துணியால லேசா தொடைங்க. கருப்புப் புள்ளி அங்கங்க இருந்தா விட்டுருங்க, அதுதான் ருசி. அடியில நிக்கிற பழுப்புத் தண்ணியைக் கொட்டாம மிக்ஸியிலேயே ஊத்துங்க. குழாய்ப் பக்கமே போகாதீங்க. கை அரிச்சா முதுகுக்குப் பின்னால கட்டிக்கோங்க.

உப்பு அரை ஸ்பூன். அன்னிக்குக் கோபத்துல எழுதல.

கடுகு


ஏப்ரல் 21

கடுகுக்கு,

வந்துவிட்டது.

எப்படி வந்தது என்று சொல்கிறேன், பொறுமையாகக் கேள். ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் வேலையாக பிரிட்ஜில் இருந்த அந்தப் பழைய பாட்டிலை எடுத்துக் கழுவினேன். இதற்கும் சண்டைக்கு வராதே. ஒரு ஸ்பூன் சாஸ்தான், நீ சொன்னது போல அது சாஸும் இல்லை. மூடியைத் திறந்ததும் தெரிந்தது. வெந்நீர் ஊற்றிக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்தேன்.

வெடித்துக் கரி தெறிக்கும் என்று மேலே போட்டுக்கொள்ள ஏதாவது தேடினேன். அவர் வேலைக்குப் போடும் வெள்ளைச் சட்டை பீரோவில் மடித்து இருந்தது. படுக்கையிலும் அதைப் போட்டிருந்தார், நீ கொடியில் பார்த்ததில் ஒன்று. போட்டுக்கொண்டேன். சட்டைக் கை எனக்கு நீளம், மடித்துவிட்டுக்கொண்டேன்.

இந்தத் தடவை வெடித்தபோது நான் ஓடவில்லை. அடுப்புக்கு மேலே குனிந்தே நின்றேன். கண்ணெல்லாம் எரிந்தது. இவ்வளவு நேரமா அந்த மனிதர் தினமும் இப்படி நின்றார் என்று தோன்றியது. டெய்லரம்மா வந்து, மறுபடியும் சாலட்டா என்றாள். இந்தத் தடவை உட்காரச் சொன்னேன்.

தோல் உரிக்கும்போது சிரமமாகத்தான் இருந்தது. விரல் நுனியெல்லாம் கரி. ரெண்டு முறை எழுந்து குழாய் வரை போய்விட்டேன். டெய்லரம்மாவிடம், என்னைப் பிடித்துக்கொள் என்றேன். அவளுக்கு விஷயம் தெரியாது, நிஜமாகவே கையைப் பிடித்துக்கொண்டாள். பழுப்புத் தண்ணீரைக் கடைசிச் சொட்டு வரை ஊற்றினேன். எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். உப்பு அரை ஸ்பூன்.

வெள்ளரிக்காயை நறுக்கி ஊற்றி டெய்லரம்மாவுக்கும் கொடுத்தேன். அவள் தின்றாள், தட்டை வழித்தாள், பிறகு அடுத்த வாரமும் தீப்பிடிக்குமா என்று கேட்டாள். நான் ஒரு வாய் வைத்தேன். தித்திப்பு முதலில் வந்தது. விழுங்கின பிறகு தொண்டையில் வந்து நின்றது, அவர் செய்வது போலவே. காய்ந்த ரொட்டியில் தோய்த்தேன், உருளைக்கிழங்கு அவித்தேன். ரொம்ப நாளைக்கப்புறம் வயிறு நிறையச் சாப்பிட்டேன். அழவில்லை. நன்றாக இருந்தது, அவ்வளவுதான். பாட்டிலில் ஊற்றி பிரிட்ஜில் அதே இடத்தில் வைத்திருக்கிறேன்.

ராத்திரி சட்டையைக் கழற்றினேன். வழக்கம் போலக் கை அதை வாளிப் பக்கம் கொண்டு போய்விட்டது. வாளிக்கு மேலே பிடித்தபோதுதான் மூக்கில் பட்டது. அப்படியே நின்றேன். இரவு அவர் வந்து சட்டையைக் கழற்றித் தருவாரே, அது. அதே மணம், அதே சூடு. எத்தனை வருஷம் அதை என் கையாலேயே தண்ணீரில் முக்கியிருக்கிறேன்.

மடித்துக் காகிதத்தில் சுற்றி, மேலே ரெண்டு பிளாஸ்டிக் பை போட்டுக் கட்டி இதோடு அனுப்புகிறேன். நீ அன்றைக்குக் கேட்டது. வர இவ்வளவு நாள் ஆகிவிட்டது. அவர் போட்ட சட்டை, அவர் வேலையின் புகை. நடுவில் நான் போட்டுக்கொண்டு நின்றேன், அதனால் என் வியர்வையும் கொஞ்சம் இருக்கும், பொறுத்துக்கொள். காலரில் கரித் தீற்றல் ஒன்று இருக்கிறது. கட்டும்போது பார்த்தேன், விட்டுவிட்டேன்.

துவைக்கவில்லை.

அண்ணி


ஏப்ரல் 28

அண்ணி,

பொட்டலம் நேத்து வந்தது. பிரிச்சேன். இன்னும் எதுவும் எழுத வரல, நேர்ல சொல்றேன்.

ஒண்ணு மட்டும் சொல்லிடுறேன். இவர் லாரியை நிறுத்திட்டு அப்பத்தான் உள்ள வந்தார். வாசல்ல செருப்பைக்கூடக் கழட்டல, "ஏய், அடுப்புல என்னமோ கருகுது"ன்னு கத்திகிட்டே என்னைத் தாண்டி சமையக்கட்டுக்கு ஓடினார்.

நான் சட்டையை மடியில வச்சுகிட்டுக் கூடத்துல உக்காந்திருந்தேன். அடுப்பு பத்தவே இல்ல.

சனிக்கிழமை காலை பஸ்ஸுல வரேன். பாட்டிலை நான் வர்றதுக்குள்ள காலி பண்ணிடாதீங்க. இந்தத் தடவை சாப்பிட்டுட்டுத்தான் போவேன்.

உங்க கடுகு